என் பேர்ல நாலு பல்லு

பேசாத கண்ணு, நீ பேசாத. கன்னம் இத்தாப்பெருசு வீங்கிக் கெடக்குது, பேசினா வலி காது வரைக்கும் ஏறிக்கும். நான் கேக்கறதுக்குத் தலைய மட்டும் ஆட்டு, போதும். கடவாப் பல்லா? ஆமாவா. பாத்தாலே தெரியுது. உள்ள ஒரு பெரியவருக்கு வேர் வைத்தியம் நடக்குது. இந்த டாக்டருக்குக் கை சுத்தம், ஆனா அவசரமே படமாட்டாரு. அவருக்கப்பறம் நாங்க, எங்களுக்கப்பறம் நீ. அந்த ஐஸ் துணிய நல்லா அழுத்திப் புடிச்சுக்க.

நான் வாய்மேல கைய வச்சுக்கிட்டே பேசறேன்னு தப்பா நெனச்சுக்காத. நாத்தம் கீத்தம் ஒண்ணுமில்ல. மேல முன்னால மூணு பல்லு இல்ல எனக்கு, அதுக்குத்தான். கேட்டா இல்லைன்னு சொல்லிருவேன், காட்டத்தான் மாட்டேன். என் ஊட்டுக்காரர் லாரியில போறவரு. மாசத்துல நாலு நாள் ஊட்டுல இருந்தா அதிகம். அந்த நாலு நாளும் நான் முந்தானைக்குள்ளதான் சிரிக்கறது.

பேரச் சொல்லவே இல்ல பாரு. வசந்தாமணி. பெரிய ஜவுளிக்கடையில வேலை. கடை பேரு வேண்டாம், சோறு போடற எடம். மூணாவது மாடி, கல்யாணப் பட்டு. கல்யாணமான புதுசுல சேந்தவ நான். முகூர்த்தப் பொடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தா பத்துப் பேரு வருவாங்க. பொண்ணுக்குப் புடிச்சா மாமியாருக்குப் புடிக்காது. மாமியாருக்குப் புடிச்சா வெலை புடிக்காது. அத்தனைக்கும் சிரிச்ச முகமா நிக்கோணும். நான் சிரிச்சே வித்தவ கண்ணு. அக்கா பொடவைக்கு வந்தவங்க, தங்கச்சி பொடவைக்கும் என்னையத் தேடித்தான் வருவாங்க. இதச் சொல்லிக்க எனக்கென்ன வெக்கம்.

பல்லு எப்பிடிப் போச்சுன்னுதான கேக்கற? கண்ணு கேக்குதே, எனக்குத் தெரியாதா.

எனக்கு ஒரு தம்பி, மோகனசுந்தரம். ஒரே தம்பி. ஊரூராப் போய் நைட்டி, துண்டு யாவாரம் பண்றவன். யாவாரத்துக்கு பைக் வேணும்னான். அவனுக்குக் கடன் குடுக்கறவங்க சம்பளச் சீட்டு கேட்டாங்க, அவங்கிட்ட ஏது? எங்கிட்ட இருந்துச்சு. "உன் பேரு மட்டும் குடுக்கா, மாசாமாசம் நானே கட்டிர்றேன்"னான். பேருதான கேக்கறான், பணமா கேக்கறான்? குடுத்தேன். எங்க பக்கத்துல இதெல்லாம் சகஜம். என் பேர்ல அவன் ஊட்டு ஃபிரிட்ஜு இருக்குது, அவன் பொண்டாட்டியோட தையல் மெஷின் இருந்துச்சு. நம்ம பேருக்கு ஒரு மதிப்பு இருக்குதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான், இல்லைன்னு சொல்லமாட்டேன்.

கொரோனா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால. ஒரு விசேசத்துக்கு அவன் பைக்ல பின்னால ஒக்காந்து போனேன். வேகத்தட ஒண்ணு, வெள்ளைக் கோடு போடாம விட்டிருந்தாங்க. அவன் போன்ல பேசிட்டே ஓட்டினான்னு பாத்தவங்க சொன்னாங்க. அவன் நாய் குறுக்க வந்துச்சுன்னான். நாயாத்தான் இருக்கும். அவனுக்கு மொழங்கை தேஞ்சுது, எனக்கு மூஞ்சி தரையில பட்டுது. மூணு பல்லும் அங்கயே போச்சு, மேல தாடை எலும்பும் அந்த எடத்துல நொறுங்கிருச்சு. அவன் அழுத அழுகைய நீ பாக்கோணுமே. "அக்கா, உன்னைய இப்பிடிப் பண்ணிட்டேனே"ன்னு என் மடியில படுத்து அழுதான். நான்தான் அவனத் தேத்தினேன், வாயில துணிய வச்சுக்கிட்டு.

ஊரெல்லாம் கொரோனாவத் திட்டுச்சு. நான் மட்டும் திட்டல. எல்லாருக்கும் மாஸ்க் வந்துருச்சு பாரு, என் வாயக் கேக்க ஆளில்ல. கண்ணாலயே சிரிச்சு யாவாரம் பண்ணக் கத்துக்கிட்டேன். எல்லாரும் மாஸ்க்கக் கழட்டின பொறகும் நான் கழட்டல. தூசி ஒத்துக்காதுன்னு சொல்லிட்டேன். பழைய மேனேஜர் ஒண்ணும் சொல்லல. புதுசா ஒருத்தர் வந்தாரு. "அம்மா, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வர்றவங்க, சீக்காளியப் பாத்தாப்ல நெனச்சுக்கறாங்க, கழட்டிருங்க"ன்னாரு. தன்மையாத்தான் சொன்னாரு.

சரின்னு, கழட்டி மாட்டற பல்செட்டு ஒண்ணு வாங்கினேன். எலும்பு நொறுங்கின எடமில்ல? புடிமானமே கெடையாது. "பட்டு"ன்னா காத்து போகுது, "ஜரிகை"ன்னா விசிலடிக்குது. எப்பிடியோ சமாளிச்சேன். ஒரு நாள் ஒரு பொண்ணுக்கு அரக்குல தங்க ஜரிகை போட்ட பொடவைய விரிச்சு, "பாப்பாவுக்கு எடுப்பா இருக்கும்"னு சொல்றேன், செட்டு கழண்டு பொடவை மேலயே விழுந்துருச்சு. ஜரிகை மேல, மூணு பல்லு. ஒருத்தரும் சிரிக்கல கண்ணு. சிரிச்சிருந்தாக்கூட நானும் சேந்து சிரிச்சிருப்பேன். அந்தப் பொண்ணோட அம்மா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துலன்னு மொனகிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அடுத்த நாளே என்னையக் கீழ அனுப்பிட்டாங்க. தரைக்குக் கீழ, வண்டி நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல, பார்சல் மடிக்கற பிரிவு. மேல கெடைச்ச கமிஷன் அங்க கெடையாது. பல்லச் சரி பண்ணிட்டு வந்தா தீபாவளிக்கு முன்னால மேல ஏத்தறேன், அப்பறம் அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டிருவேன்னு மேனேஜர் சொன்னாரு. அங்கதான் அழுதேன். வேற எதுக்கும் நான் அழல.

அப்பத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எலும்புல ஸ்க்ரூ வச்சுப் பல்லு ஏத்தினாத்தான் நிக்கும்னாரு டாக்டர். எவ்வளவு ஆகும்னு கேட்டேன். தொகையக் கேட்டதும் நாற்காலியிலயே சாஞ்சுட்டேன், அது ஏற்கெனவே சாஞ்ச நாற்காலி, அதனால அவருக்குத் தெரியல. காப்பீட்டு அட்டைய எடுத்து நீட்டினேன். அது இதுக்கெல்லாம் ஆகாதும்மா, பல்லு உசுருக்கு ஆபத்தில்லையேன்னாங்க. உசுரு எங்க இருக்குதுன்னு அவங்கவங்களுக்குத்தான தெரியும்.

அதா, அந்த மூலையில லேப்டாப்ப வச்சுட்டு ஒரு தம்பி ஒக்காந்திருக்கான் பாரு. சிவநேசன். ஆஸ்பத்திரி ஆள் கெடையாது, பல்லுக்குத் தவணை போட்டுக் குடுக்கற பைனான்ஸ் ஆளு. நல்ல பையன். என் ஆதாரத் தட்டிப் பாத்துட்டு மொகம் சுண்டிப் போச்சு. "சிபில் ரொம்பக் கொறவா இருக்குக்கா, ஐநூத்திச் சொச்சம்தான். எழுநூத்தம்பதாவது வேணும்"னான். கடன ஒழுங்காக் கட்டறமான்னு போடற மார்க்காம் அது.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். என்ன தம்பி இப்பிடிச் சொல்ற, எனக்கு ஒரு பாக்கி கெடையாது, பைக் கடனக்கூட நான் செட்டில் பண்ணிட்டேனேன்னேன். "அதுதாங்கா பிரச்சனை, செட்டில்னு போட்டிருக்கு"ன்னான். ஆமா, செட்டில்தான், அதத்தான நானும் சொல்றேன்னேன். "இல்லக்கா, செட்டில்னு இருக்கக்கூடாது"ங்கறான். அவன் செட்டிலுங்கறான், நானும் செட்டிலுங்கறேன், ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்றோம், சண்டை மட்டும் நடக்குது. இங்க ஒக்காந்திருந்தவங்கெல்லாம் பல்வலிய மறந்துட்டு வேடிக்கை பாத்தாங்க.

கதை என்னன்னா, பைக் அப்பளமா நொறுங்கினதும் தம்பி தவணையக் கட்டல. கொரோனா வேற, யாவாரமும் இல்ல. கடன் குடுத்தவங்க கடை வாசல்ல வந்து நின்னு என் பேரச் சொல்லிக் கேட்டாங்க. வாட்ச்மேன் முன்னால. எனக்குக் கூசிப் போச்சு. என் வளையல வித்துப் பணத்த அவங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த ஆளு, "இவ்வளவு கட்டிருங்கம்மா, மிச்சத்த விட்டுர்றோம், செட்டில்மென்ட் போட்டுக்கலாம்"னான். நான் பேரம் பேசறதுல கெட்டிக்காரி, இன்னுங் கொஞ்சம் கொறைச்சேன். ஊட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொன்னேன், செட்டில் பண்ணிட்டேன்னு. தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். சொந்தத்துல எந்த விசேசத்துக்குப் போனாலும், "வசந்தாமணி ஒரே ஆளா நின்னு செட்டில் பண்ணுனா"ன்னுதான் பேச்சு.

நீயே சொல்லு, செட்டிலுங்கறது கெட்ட வார்த்தையா? பையன் பெங்களூர்ல செட்டிலாயிட்டான்னா இனிப்புக் குடுக்கறோம். பொண்ணு கல்யாணமாகி செட்டிலாயிட்டான்னா நிம்மதின்னு சொல்றோம். அந்த ஒரே வார்த்தை கம்ப்யூட்டருக்குள்ள போனா, முழுசாக் கட்டாம ஏமாத்திட்டான்னு அர்த்தமாம். க்ளோஸுன்னு இருந்தாத்தான் யோக்கியமாம். நம்ம பேச்சுல கடைய க்ளோஸ் பண்ணிட்டான்னா கை தூக்கிட்டான்னு அர்த்தம். அங்க எல்லாமே தலைகீழு.

சிவநேசந்தான் வழி சொன்னான். அவங்க விட்டுக்குடுத்தாங்களே மிச்சம், அதப் போய்க் கட்டி, செட்டில எடுத்துட்டு க்ளோஸுன்னு போட வைக்கோணும். விட்டுட்டேன்னு சொன்ன பணத்த, இல்ல இல்ல வாங்கிக்கன்னு கொண்டுபோய்க் குடுத்தவ இந்த ஈரோட்டுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பேரம் பேசிக் கொறைச்சேனே, அதுவும் சேத்துத்தான். அப்பறம் சின்னதா ஒரு கடன் வாங்கி, தேதி தவறாமக் கட்டிக் காட்டோணும்னான். கடன் வேணும்னா மொதல்ல கடன் வாங்கோணுமாம். ஊட்டுல ரெண்டு மிக்ஸி இருக்குது, மூணாவதா ஒண்ண தவணையில வாங்கினேன். டப்பாவப் பிரிக்கவே இல்ல, பீரோ மேல அப்பிடியே இருக்குது. "பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு வருஷம் கட்டுங்கக்கா"ன்னான். எதத் தம்பி கடிக்கறதுன்னு கேட்டேன். பாவம், அவனுக்கு மொகமெல்லாம் செவந்துருச்சு.

ஒரு தீபாவளி அப்பிடியே போச்சு. மேல வேற ஒரு புள்ளைய நிறுத்தினாங்க, அது வேலைய விட்டு நின்னுருச்சு, எடம் மறுபடி காலியாத்தான் இருந்துச்சு. மேனேஜர் இந்தத் தீபாவளி வரைக்கும் பாக்கறேன்னாரு. நான் மாசாமாசம் கடை முடிஞ்சு இங்க வந்து சிவநேசன்கிட்ட ஸ்கோர் பாப்பேன். வர்றப்ப கடலை மிட்டாய், முறுக்கு, தட்டுவடைன்னு ஏதாச்சும் வாங்கிட்டு வருவேன், நான் கடிக்க முடியாததெல்லாம் அவனுக்குத்தான். கொழந்தைக்குக் காய்ச்சல் பாக்கறாப்ல பாப்போம் ரெண்டு பேரும். இது மட்டும் எறங்கறதுக்குப் பதிலா ஏறோணும். ஏறுச்சு கண்ணு. கொஞ்சங் கொஞ்சமா ஏறி, போன மாசம் எழுநூத்தம்பதத் தாண்டிருச்சு. சிவநேசன் கைதட்டினான். அன்னைக்கு இந்தக் கதவத் தொறந்துட்டு ரோட்டுல நடக்கறேன், நானும் ஒரு மனுசிதாண்டான்னு இருந்துச்சு. வாய மூடவே மறந்துட்டேன், அப்பறந்தான் கைய வச்சேன்.

சந்தோசத்த யாருகிட்டயாவது சொல்லோணுமில்ல? ஊட்டுக்காரர் நாக்பூர்ல இருந்தாரு, சிக்னல் இல்ல. தம்பிகிட்டத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் சாயங்காலமே வந்துட்டான், பூவும் பழமும் வாங்கிட்டு. கூட யாழினியும் வந்தா. அவனோட மக. நான் தூக்கி வளத்த புள்ள, எனக்குன்னு ஒரு கொழந்தை கெடையாதே. அவளுக்குக் கோபிப் பக்கத்துல ஒரு எடம் வந்திருக்குது. நல்ல எடம், தை மாசம் வச்சுக்கலாம்ங்கறாங்க. பாத்துட்டுப் போறப்ப மாப்பிள்ளையோட அம்மா, "பொண்ணு லட்சணந்தான், சிரிச்சாத்தான்..."னுட்டு மீதியச் சொல்லாமயே செருப்பப் போட்டிருச்சாம். யாழினிக்கு முன்பல்லு கொஞ்சம் எடுப்பு, நடுவுல சந்து. சின்னதுலருந்தே அப்பிடித்தான், எங்களுக்கெல்லாம் அது அழகுதான். அந்தம்மா சொன்னதுலருந்து புள்ள வாய்மேல கைய வச்சுக்கிட்டுத்தான் பேசுது. என்னையாட்டவே. எம் முன்னால ஒக்காந்து, "நல்லா இருக்கீங்களா அத்தை"ன்னு கைய வச்சுக்கிட்டே கேக்குது. எனக்குக் கண்ணாடியப் பாக்கறாப்லயே இருந்துச்சு.

நாலு பல்ல ராவிட்டு மேல கேப் மாட்டிட்டா எல்லாம் சரியாயிருமாம். தம்பி விசாரிச்சு வச்சிருந்தான். சுத்தி வளைக்காமத்தான் கேட்டான், "உன் பல்லு போனது போச்சுக்கா, அவளுக்கு இனிமேதான் வாழ்க்கை. உன் பேரு மட்டும் குடு."

நானும் விட்டுரல. ஏண்டா, நீயே உன் பேர்ல வாங்கிக்கயேன்னு கேட்டேன். "என் பேர்ல சிபிலே காட்டலக்கா. நான்தான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் கடனே வாங்கினதில்லையே"ன்னான். அதுவும் நெசந்தான். அவன் பேர்ல ஒரு பைசா கடன் கெடையாது. அந்த விசயத்துல அவன் சுத்தம்.

சிவநேசன்கிட்ட வந்து, ரெண்டு பேருக்கும் சேத்து எடுக்க முடியாதா தம்பின்னு கேட்டேன். இப்ப வாங்கற சம்பளத்துக்கு ஒண்ணுதான் தாங்கும்னான். மேல மாடியில இருந்திருந்தா ரெண்டு தாங்கியிருக்கும். மேல போகோணும்னா பல்லு வேணும். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "அக்கா, இத்தன நாள் ஏத்தினது உங்களுக்கு"ன்னான். தம்பிகிட்ட இல்லைன்னு சொல்றதுக்கு வாயத் தொறக்கோணும். நான் வாயத் தொறந்துதான் எவ்வளவோ நாளாச்சே. ஊட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னேன். உன் தம்பி, உன் பேரு, என்னமோ பண்ணுன்னு வச்சுட்டாரு.

என்ன அப்பிடிப் பாக்கற? அதா, சன்னலோரமா பச்சைச் சுடிதார் போட்டு ஒக்காந்திருக்கே, அதுதான் யாழினி. பாரு, தனியா ஒக்காந்து போன் பாக்கறப்பக்கூடக் கை வாய்மேல இருக்குது. இன்னையோட அந்தக் கை எறங்கிரும். தம்பி வரல, அவனுக்கு இன்னைக்குச் சத்தியமங்கலம் பக்கம் சந்தை. மாசாமாசம் கட்டிருவேன்னு சாமி படத்து முன்னால சொல்லியிருக்கான். இந்தத் தடவ கட்டிருவான், மக விசயமில்ல? ஒழுங்காக் கட்டினா ஸ்கோர் இன்னும் ஏறுமாம். அப்ப எனக்குக் கேட்டதும் குடுத்துருவாங்க. ஒரு வகையில பாத்தா இதுவும் என் பல்லுக்குத்தான். அந்த மிக்ஸியக்கூடச் சீரோட சேத்து வச்சரலாம்னு இருக்கேன், டப்பாவோட புதுசாவே இருக்குதே. மேனேஜர்கிட்ட மட்டும் என்ன சொல்றதுன்னு தெரியல. பார்சல் பிரிவும் மோசமில்ல. நெழல்தான், ஃபேன் இருக்குது. மேலருந்து குழாய் வழியா பொடவை பொட்டலம் எறங்கி வரும். பிரிச்சு மடிக்கறப்ப, இது எந்தப் பொண்ணுக்கோ, என்ன சொல்லி வித்தாங்களோன்னு நெனச்சுக்குவேன்.

இந்தா, கதவு தொறக்குது. பெரியவரு வந்துட்டாரு. கூப்பிடறாங்க பாரு, வசந்தாமணின்னு. கூப்பிடறது என் பேரு, போறது அவ. எந்திரி சாமி, பயப்படாமப் போ. வலிக்காது, ஊசி போட்டுருவாங்க. அத்தை இங்கதான் இருக்கேன்.

என்ன சிவநேசன் தம்பி? கடனுக்கு போட்டோவா? நேத்தே கையெழுத்தெல்லாம் போட்டாச்சே. சரி சரி, இப்பிடியே எடு. கைய எடுக்கோணுமா? எதுக்குப்பா, பாதி மொகம் தெரியுதில்ல? இல்லையாம் கண்ணு, மொகம் முழுசாத் தெரிஞ்சாத்தான் அந்தப் போன் ஒத்துக்குமாம். மூடிக் கீடி வச்சிருந்தா வேற ஆளுன்னு தள்ளிருமாம். நாந்தான் நானுன்னு அதுக்குக் காட்டோணுமாம்.

சரி, கைய எடுத்துட்டேன். வாய இறுக்கி மூடிக்கறேன், எடு. கண்ணச் சிமிட்டோணுமா? சிமிட்டிட்டேன். இன்னும் என்ன? அதுல என்ன எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு. சிரிக்கச் சொல்லுதா? உசுரோட இருக்கற ஆளான்னு பாக்கறதுக்கா? சிரிக்காம எடுக்க வழியே இல்லையா தம்பி? நல்லா, பல்லுத் தெரியவா?

யாழினி, நீ நில்லாத, உள்ள போ. கதவச் சாத்திக்க.

கண்ணு, நீ கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி ஒக்காந்துக்க.